ஆரோக்கியம் அக்காவின் பச்சைச் சேலை

ஜூன் 9, திங்கள்

ஜாக்கெட் எல்லாம் ஹூக் இல்லாமல் தொங்குகிறது. ஆரோக்கியம் அக்கா இருந்தவரை எனக்கு அந்தக் கவலையே இல்லை. சாயந்திரம் என் தையல் கடைக்கு வந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே தைத்துக் கொடுத்துவிடுவார். மாசியில் போய்ச் சேர்ந்தார். இன்னும் அவர் உட்காரும் ஸ்டூலில் யாராவது உட்கார்ந்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

இன்று அவர் மகள் பிரின்ஸி ஒரு பை நிறைய அம்மாவின் நூல் சேலைகளோடு வந்தாள். ஜூலைக் கடைசியில் அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறாள். சேலைகளைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒட்டி, ஒரு போர்வை தைத்துத் தர வேண்டுமாம்.

"அங்க ரொம்பக் குளிருமாம் அத்தை. அம்மாவப் போத்திக்கிட்டுத் தூங்குற மாதிரி இருக்கும்ல" என்றாள். வாங்கி வைத்துக்கொண்டேன்.

வெட்டுவதற்கான சாமானும் கொண்டுவந்திருக்கிறாள், அங்கே இருக்கும் சிநேகிதி கொடுத்துவிட்டதாம். கண்ணாடி மாதிரி கனமான பிளாஸ்டிக் ஸ்கேல். நடுவில் வரிசையாக நீளச் சந்துகள். பீட்சா வெட்டும் சக்கரம் மாதிரி ஒரு கட்டர். கீழே விரிக்க ஒரு பச்சை மேட். துணி மேல் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு சந்துக்குள்ளும் சக்கரத்தை ஓட்டினால், ஸ்கேலை நகர்த்தாமலே ஒரே அளவுப் பட்டைகள் வந்துவிடும். வெள்ளைக்காரன் சோம்பேறித்தனத்துக்குக்கூட ஒரு சாமான் கண்டுபிடிப்பான்.

"மேசையில வச்சு நின்னுக்கிட்டு வெட்டணுமாம் அத்தை. வீடியோ அனுப்பவா?"

"உங்கம்மா கல்யாண ஜாக்கெட்டே நான் தரையில உக்காந்து வெட்டுனதுதான்டி. போ, போய்ப் பெட்டியக் கட்டு" என்றேன். சிரித்தாள்.

ஜூன் 12, வியாழன்

பழைய லுங்கியில் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போகிறது. என் கத்தரிக்குக் கோபம் வந்திருக்கும்.

சந்தின் ஓரத்தில் மெல்லிசாகப் பிளாஸ்டிக் சீவல் சுருண்டு கிடந்தது. ஊதிவிட்டேன். புதுச் சாமான், அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 14, சனி

போச்சு.

எழுதக் கை வரவில்லை. பச்சைச் சேலை போச்சு. கடுகு மஞ்சள் கரை போட்ட பச்சை. பூண்டி மாதா கோயிலுக்குப் போனால் அக்கா அதைத்தான் கட்டுவார்.

எப்போதும்போலத் தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடக்கி, ஸ்கேலின் முனையை முழங்காலால் அமுக்கிக்கொண்டேன். துணியை அப்படித்தானே பிடிப்பேன்! சேலையை நாலைந்து மடிப்பாகப் போட்டிருந்தேன், சீக்கிரம் முடியட்டும் என்று. சக்கரத்தை அழுத்தி, முன்னும் பின்னும் ரம்பம் மாதிரி இழுத்தேன். உட்கார்ந்து எட்டும்போது தூரத்து முனைக்குக் கை போகப் போக மணிக்கட்டு சாய்கிறது. மணிக்கட்டு சாய்ந்தால் கத்தியும் சாய்கிறது. சாய்ந்த கத்தி சந்தின் சுவரைத் தின்றிருக்கிறது. அன்றைக்குப் பார்த்த சீவல் அதுதான். இன்று அந்தப் பள்ளத்தில் இறங்கி, சந்தை விட்டுத் துள்ளி, குறுக்கே பாய்ந்துவிட்டது. நான் மடிப்போடு அழுத்தியதால் எல்லா மடிப்பிலும் அதே வெட்டு.

ஏன்டி அகிலாண்டம், ஒரு நிமிஷம் அந்த வீடியோவைப் பாத்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிடும்? உன் வாய்க்கொழுப்பு.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து பிரின்ஸி போன் செய்தாள். "அத்தை, அம்மாவோட பச்சைச் சேலை நடுவுல வரட்டும், என்ன?"

"சரிம்மா" என்றேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

வெட்டுப்பட்டதைச் சின்னச் சின்னத் துண்டாகச் சேர்த்துத் தைக்கலாம், முடியாதது இல்லை. ஆனால் ஒட்டு தெரியும். மன்னார்குடியில் இத்தனை வருஷம் கடை போட்டிருப்பவள் கையால் கெட்டது என்று தெரியும். அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இதை இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

ஜூன் 18, புதன்

தஞ்சாவூர் போனேன். கடை கடையாக ஏறி இறங்கி, அதே பச்சையில் ஒரு நூல் சேலை பிடித்துவிட்டேன். கரை மட்டும் கொஞ்சம் ஒல்லி. பட்டையாக வெட்டினால் கரை வராது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி, மொட்டை மாடியில் காயப்போட்டு, மறுபடி அலசப்போகிறேன். வெயில் நன்றாக அடிக்கிறது. நிறம் இறங்கி, அக்கா கட்டிப் பழசானது மாதிரி ஆகிவிடும்.

வீட்டுக்காரர் கொடியைப் பார்த்துவிட்டுக் கேட்டார். சொன்னேன்.

"அந்தப் புள்ளைகிட்ட சொல்லிடேன். அடிக்கவா போவுது உன்ன?"

"உங்களுக்கு நாத்தங்கால்தான் தெரியும், போங்க" என்று கத்திவிட்டேன். மனுஷன் வயலுக்குப் போய்விட்டார்.

ஜூன் 26, வியாழன்

பாமணி ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே நாற்று, உழவு என்று ஓடுகிறது. நான் இஸ்திரி மேசையைக் காலி செய்து, அந்தப் பச்சை மேட்டை விரித்து, நின்றுகொண்டு வெட்டினேன்.

கெட்டுப்போன சந்தின் மேல் டேப் ஒட்டி மூடிவிட்டேன், தப்பித்தவறிக்கூடக் கத்தி அதில் போகக் கூடாது. மற்றதில் இரண்டு மடிப்புக்கு மேல் வைக்கவில்லை. இடது உள்ளங்கையை விரித்து ஸ்கேலை அமுக்கி, கத்தியைச் சந்தின் ஆரம்பத்திலேயே நேராக இறக்கி, என்னை விட்டு வெளிப்பக்கமாக ஒரே தள்ளு. பின்னால் இழுக்கவில்லை, அழுத்தவில்லை. ஒரு சீவல்கூட விழவில்லை. ஒவ்வொரு பட்டையும் அச்சு அசலாக ஒரே அளவு.

இவ்வளவுதான். பிரின்ஸி சொன்னது இவ்வளவுதான்.

நன்றாக வரவர அழுகை வந்தது. புதுச் சேலையையும் இப்படித்தான் வெட்டினேன், அழகாக.

ஜூலை 20, ஞாயிறு

கொடுத்துவிட்டேன். பிரித்ததும் முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். நடுவில். பச்சையில்.

"அம்மா இருந்தா உங்க கையப் புடிச்சு முத்தம் குடுத்திருப்பாங்க அத்தை."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம்போல இருந்தது. "நல்லா இரும்மா" என்று மட்டும் சொன்னேன். கூலி கொடுக்க வந்தாள், வாங்கவில்லை. அதையும் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பிரின்ஸி அயர்லாந்தில் போய் இறங்கிவிட்டாள், போர்வை மேல் உட்கார்ந்து போட்டோ அனுப்பியிருக்கிறாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பிரின்ஸி ஒரு போட்டோ அனுப்பினாள். எனக்கு முதலில் புரியவில்லை. போர்வைதான். மெஷினில் வெந்நீரில் துவைத்தாளாம். பச்சை இறங்கி, பக்கத்துப் பட்டைகள் எல்லாம் திட்டுத் திட்டாகப் பாசி. அக்காவின் சந்தன நிறம், வெள்ளையில் புள்ளி போட்டது, பிரின்ஸியின் ஞானஸ்நானத்துக்குக் கட்டிய இளமஞ்சள்— ஒன்றும் தப்பவில்லை.

நான் குளிர்ந்த தண்ணீரிலேயே அலசினேன். வெந்நீரில் ஒரு தடவை போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். தையல்காரிக்கு இது தெரியாதா? தெரியும். அவசரம். மறைக்கிற அவசரம்.

பிறகு போன் வந்தது.

"அத்தை, அம்மா அந்தச் சேலைய எத்தன வருஷமாக் கட்டுனாங்க? அது எப்படி இப்பச் சாயம் போவும்?"

ஏதாவது சொல்லியிருப்பேன். தண்ணீர் சரியில்லை, சோப்பு சரியில்லை என்று. ஆனால் அவள் குரலில் அக்கா இருந்தார். எல்லாத்தையும் சொல்லிட்டேன். தரையில உக்காந்தது, கத்தி பாஞ்சது, தஞ்சாவூர் போனது, எல்லாம். அழுதுகிட்டே சொன்னேன். வெட்டுப்பட்டதத் தூக்கிப் போடல, தலையணை உறையில பத்திரமா இருக்குன்னும் சொன்னேன்.



"வெட்டுப்பட்டதையே வச்சுத் தச்சிருக்கலாமே அத்தை" என்றாள்.

அவ்வளவுதான். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கத்தி கெடுத்தது ஒரு சேலையை. நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

துண்டுகளைக் கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டு மெசேஜ் போட்டேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

பிரின்ஸியின் தம்பி ஜோஸ்வா வந்தான். துண்டுகளை வாங்கிக்கொள்ளச் சொன்னாளாம், ஊரிலிருந்து அங்கே போகும் யாரோ எடுத்துப் போகிறார்களாம். இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தேன். கொடுத்தேன். வண்டியை விட்டு இறங்கவில்லை அவன்.

"உள்ள வாடா, டீ போடுறேன்."

"இல்லத்தை, வேல இருக்கு."

"ஜோஸ்வா, அந்தப் போர்வையையும் அனுப்பச் சொல்லேன். கெட்ட பட்டையெல்லாம் பிரிச்சுட்டு, இந்தத் துண்ட வச்சு நானே தச்சுத் தர்றேன். எவ்வளவு நாளானாலும் சரி."

அவன் பையைக் கைப்பிடியில் மாட்டினான். என்னைப் பார்க்கவில்லை.

"வேணாம்த்தை. அக்கா தானே தச்சுக்குதாம். அங்க தையல் கிளாஸ் சேர்ந்திருக்கு."

வேலைக்குப் போய்வந்து, அந்தக் குளிரில், தையல் கிளாஸ். ஆரோக்கியம் அக்கா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனை தரம் குறைபட்டிருப்பார், என் பொண்ணுக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது என்று.