சாம்பல் நிறத்தில் வந்த படம்

சுவா சூ காங்
ஜூலை 21

அன்பு மகள் சிவானிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கிளாஸ்கோவில் நீயும் மாப்பிள்ளை ஆதவனும் எப்படி இருக்கிறீர்கள்? வழக்கத்துக்காகக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே, இந்தத் தடவை எனக்குப் பதில் வேண்டும்.

எங்கள் கல்யாண நாளுக்கு நீ பாட்டும் படமும் போட்டு அனுப்பிய தம்ப்டிரைவ் சனிக்கிழமை வந்துசேர்ந்தது. சிராங்கூன் சாலையில் வாங்கினோமே அந்த ஹோம் தியேட்டர், அதற்குப் பின்பக்கம் இதைச் செருக ஓர் இடம் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். செருகினேன், ஒன்றும் நடக்கவில்லை. ரிமோட்டில் ஒன்றை அழுத்தினால் பாட்டு வந்தது, படம் வரவில்லை. இன்னொன்றை அழுத்தினால் படம் வந்தது, பாட்டு நின்றுவிட்டது. அம்மா சோபாவில் உட்கார்ந்துகொண்டு, "அந்த புக்கைப் படிச்சுப் பாருங்க லா" என்றாள், அதிலுள்ள எழுத்து என் கண்ணுக்கு எட்டினால்தானே. கடைசியில் எதை அழுத்தினேனோ, இரண்டும் சேர்ந்தே ஓட ஆரம்பித்தன. உன் பட்டமளிப்பு, கல்யாணம், நீங்கள் அங்கே குடிபோன வீடு என்று ஒவ்வொன்றாக வந்தது. அம்மா கூடவே பாடினாள். அப்புறம் ஒரு படம் முழுக்கக் கறுப்பும் சாம்பலுமாக, பழைய டிவியில் சிக்னல் போனால் புள்ளி புள்ளியாக வருமே, அந்த மாதிரி. கெட்டுப்போய்விட்டது என்று கழற்றி, ஊதி, துடைத்து மறுபடி செருகினேன். முதலிலிருந்து எல்லாம் ஓடி, அதே இடத்தில் அதே சாம்பல். மூன்று தடவை அப்படிச் செய்தேன்.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஆமினா பீவி அக்கா வட்டலப்பம் கொண்டுவந்தார். பிரசவ வார்டில் முப்பது வருடம் தாதியாக இருந்தவர், ஒரு பார்வைதான் பார்த்தார். "தம்பி, மெஷினுக்கு ஒண்ணுமில்ல லா, இது ஸ்கேன் படம், இதோ தலை, இதோ கை" என்றார். ஓரத்தில் உன் பெயர் இருந்தது. அம்மா எழுந்து டிவியை ஒட்டிப் போய் நின்று, "சொல்லவே இல்லையே, கள்ளி" என்று சிரித்துக்கொண்டே உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தாள். அக்கா சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்து அந்த ஓரத்தை இன்னொரு தரம் படித்தார். "வசந்தகுமாரி, போனைக் கீழ வை. தேதி போன அக்டோபர்னு இருக்கு. பன்னிரண்டு வாரம். ஏப்ரல் கடைசியில பொறந்திருக்கணும்" என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை, சிவானி. ஏப்ரல் போய் எத்தனை நாளாகிறது, அப்படியென்றால் பிள்ளை எங்கே என்று அவரிடமே கேட்டேன். அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டு மட்டும் குஷியாக ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

போன தீபாவளிக்குக் காய்ச்சல் என்று சொல்லி நீ வீடியோவில் முகம் காட்டவில்லை. பெற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் கிடையாதா என்று கத்திவிட்டுப் போனை வைத்தவன் நான். அன்றைக்கு நீ எங்கே படுத்திருந்தாய், யாரம்மா பக்கத்தில் இருந்தார்கள், சாப்பிட்டாயா? இரண்டு நாளாக இதையேதான் யோசிக்கிறேன். இந்தப் படம் தெரியாமல் மற்றவற்றோடு வந்துவிட்டதா, இல்லை, வாயால் சொல்ல முடியாமல் நீயாகத்தான் வைத்து அனுப்பினாயா? தெரியாமல் வந்திருந்தால் நாங்கள் பார்த்ததற்கு மன்னித்துவிடு. வேண்டுமென்றே அனுப்பியிருந்தால் பார்த்துவிட்டோம் மகளே, இரண்டு பேருமே பார்த்துவிட்டோம். நேற்று அம்மா பாட்டில்லாமல் அந்த ஒரு படத்தை மட்டும் வைக்கச் சொல்லி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து போய்ப் பெட்டியை இறக்கினாள். அடுத்த மாதம் பத்தாம் தேதி அங்கே வருகிறாள். வேண்டாம் என்று நீ சொன்னாலும் கேட்கமாட்டாள்.

மாப்பிள்ளையையும் நாங்கள் ஒன்றும் கேட்கமாட்டோம் என்று அவரிடம் சொல், அவரும் இதைத் தனியாகத்தானே சுமந்திருப்பார். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எங்களுக்கு. கடிதம் கிடைத்ததும் மறக்காமல் போன் பண்ணு. பேச வராவிட்டால் பேச வேண்டாம். போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இரு, இந்தப் பக்கம் நாங்களும் இருப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா
தனசேகரன்