வீட்டு மனையில் ஒரு தாழி

மார்ச் 4
பின்பக்கத்து மனையில் மகள் அரெட்டியின் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாதிரியார் துளசிக் கொத்தால் தண்ணீர் தெளித்து ஆசீர்வதித்தார். அவளும் மாப்பிள்ளை பந்தெலிஸும் தெசலோனிகியில் வாடகை அறையில் அடைந்து கிடந்தது போதும். என் வீட்டுக்காரர் ஸ்ட்ராட்டிஸுக்குத் தலைகால் புரியவில்லை. “சுவர் மட்டும் ஏறட்டும் எவாந்தியா, நீ ஜன்னல்ல நின்னு கூப்பிட்டாப் போதும், காப்பிக்கு ஓடி வந்துடுவா.”

மார்ச் 6
இயந்திரம் ஒரு தாழியை உடைத்துவிட்டது. உள்ளே எலும்புகள். கோழி எலும்பு என்றுதான் முதலில் நினைத்தேன். அதோடு, பக்கவாட்டில் சின்ன மூக்கு வைத்த ஒரு மண் கிண்ணம்.
இயந்திரக்காரர் மனோலிஸ் சிலுவை போட்டுக்கொண்டார். “அண்ணே, இது பழங்காலத்துச் சமாச்சாரம். நான் எதையும் பார்க்கல.”
“நீ பார்க்கல, நானும் பார்க்கல,” என்றார் ஸ்ட்ராட்டிஸ். “திங்கக்கிழமை சிமெண்டு ஊத்திடலாம். மியூசியத்துக்காரங்க கால் வெச்சா, பிரஷ்ஷை வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே நம்ம ஆயுசை முடிச்சிடுவாங்க.”

மார்ச் 7
அவர் சந்தைக்குப் போனதும் குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். கிண்ணத்தின் மூக்கு என் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத அளவு. பால் புகட்டத்தான், வேறெதற்கு? போகிற வழியில் பிள்ளைக்குப் பசிக்குமே என்று பெற்றவள் வைத்திருக்கிறாள்.
என் முதல் பிள்ளைக்கு யார் என்ன வைத்தார்கள்? ஞானஸ்நானத்துக்கு முன்னால் போய்விட்டான் — பெயர் கிடையாது, பூசை கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது என்றார்கள், அப்போதிருந்த பாதிரியாரும் என் மாமியாரும். நான் காய்ச்சலில் கிடந்தேன். ஸ்ட்ராட்டிஸ்தான் தூக்கிக்கொண்டு போனார். எங்கே என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். “விடு. கடவுள்கிட்ட இருக்கான்.” அவ்வளவுதான் பதில். அரெட்டிக்கு அப்படி ஒரு அண்ணன் பிறந்ததே தெரியாது.
சிலைகளைக் கும்பிட்ட அஞ்ஞானிகள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களே, அவர்கள் பிள்ளைக்குப் பால் கிண்ணம் வைத்திருக்கிறார்கள். நாம்?

மார்ச் 9
சிமெண்டு வண்டி வருவதற்குள் மியூசியத்துக்கு நானே போன் செய்துவிட்டேன். ஸ்ட்ராட்டிஸிடமும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மார்ச் 12
அரெட்டி போனில்:
“எவனோ பெத்த பிள்ளைக்கு இடம் இருக்கு, நீ பெத்தவளுக்கு இல்ல. அப்படித்தானேம்மா?”
“அதுமேல எப்படிடீ சமையல்கட்டு கட்டுறது?”
“எல்லாரும் கட்டியிருக்காங்க! இந்த நாட்டுல எங்க தோண்டினாலும் அவங்கதான் கெடக்காங்க. செத்தவங்களைப் பார்த்துக்கறதே நமக்குப் பொழப்பாப் போச்சு. நாங்க எங்கம்மா வாழறது?”
அண்ணனைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. வெளியே வரவில்லை.

ஏப்ரல் 28
மண்ணைச் சலித்துப் பார்க்கும் மியூசியத்துப் பெண் இஸ்மினிக்கு எலுமிச்சை ஜூஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரிசையாகத் தாழிகள். எல்லாம் கைக்குழந்தைகள்தான். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் இருக்குமாம். “இவங்களுக்குன்னே ஒதுக்கின இடம் போலிருக்கும்மா,” என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இனி இங்க வீடு கட்ட விடமாட்டாங்க. மன்னிச்சுக்குங்க,” என்றாள்.
அவள் ஏன் மன்னிப்புக் கேட்கிறாள்.

மே 3
ஈஸ்டர். முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போட்டேன். முட்டையோடு முட்டை மோதி உடைத்து விளையாட ஆளில்லை.

ஜூன் 19
அரெட்டியும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் போகிறார்கள். பந்தெலிஸின் சித்தப்பா அங்கே கடை வைத்திருக்கிறாராம். துறைமுகத்தில் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குக் கன்னத்தைக் காட்டினாள், முத்தமிடப் பாதிரியார் சிலுவையை நீட்டுகிற மாதிரி. தப்பு பண்ணிட்டேனா? திரும்ப அந்தக் குழிக்குள் இறங்கினாலும் அதையேதான் செய்வேன். அதுதான் பயமாயிருக்கு.

ஜூலை 30
ஸ்ட்ராட்டிஸ் “உப்பு எடு” என்பதற்கு மேல் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 22
தாழிகளை இன்று ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொன்றையும் பஞ்சு சுற்றி, இரண்டு பேராகத் தூக்கினார்கள். ஸ்ட்ராட்டிஸ் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். திடீரென்று போய், கடைசிப் பெட்டிக்குத் தானும் ஒரு கை கொடுத்தார். வண்டி போனதும் என்னிடம் வந்தார்.
“செருப்பைப் போட்டுக்கிட்டு வா.”
கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, மேற்குச் சுவர் மூலை. காட்டு அத்தி ஒன்று, முள்செடி. “இங்கதான்.”
“ஏன் சொல்லல?”
“சொன்னா நீ தினம் வந்து தோண்டுவே. எனக்குத் தாங்காது.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “என் சட்டையிலதான் சுத்தி வெச்சேன். மண்ணு தள்ளும்போது எதையாவது சொல்லிக் கூப்பிடணுமே. ஃபோட்டிஸ்னு கூப்பிட்டேன்.”
ஃபோட்டிஸ். முப்பத்திரண்டு வருஷமாக இந்தப் பெயரை இந்த மனுஷன் தனியாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.
நான் முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தேன். அவரும் உட்கார்ந்தார்.

அக்டோபர் 11
அரெட்டியின் போன், அங்கே போனபின் முதல் முறையாக. அப்பாவைத்தான் கேட்டாள். அவர் போனை என்னிடம் நீட்டினார். அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டேன், சட்டை, கல்லறைத் தோட்டத்துச் சுவர், அத்திமரம், பெயர், எல்லாம். வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.
“எந்தப் பக்கத்துச் சுவரும்மா?” என்று கேட்டாள்.