மொட்டைப்பார் என்று சொன்னேன்

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. அவருடைய சட்டை இன்னும் கொடியில்தான். எடுக்கவும் மனசில்லை, நனைய விடவும் மனசில்லை.

ஹெலிகாப்டரை இன்னும் தேடுகிறார்கள். ஒரு கதவு மிதந்து கிடைத்ததாம், டிவியில். பைலட்டும் நர்சுப் பிள்ளையும் கிடைக்கவில்லை. புதுசாக வந்த ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ். கடலில் ஆபத்து என்றால் வந்து தூக்கும் என்று கோயில் வாசலில் வைத்து எல்லாப் பெண்களுக்கும் நம்பர் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் முதலில் கூப்பிட்டது நான்.

குழாயடியில் ஒருத்தி: "இவளாவது புருசன மண்ணுல வச்சா. அந்தப் பிள்ளைய பெத்தவுகளுக்கு அதுவும் இல்ல." எனக்குக் கேட்கட்டும் என்றுதான். பாதிக் குடத்தோடு வந்துவிட்டேன்.

நவ. 12, புதன்

மழை இல்லை. கேஸ் தீரப்போகிறது. சோப்பு, தீப்பெட்டி வாங்கணும்.

கொழுந்தன் மிக்கேல் வந்தான். அன்றைக்கு அவரோடு படகில் போனது இவன்தான். சோறு போட்டேன், தொடவில்லை. நான் கேட்காமலே சொன்னான். சங்கு எடுக்க, அரசாங்கம் தடை போட்ட கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்து இறங்கியவர், மேலே வந்ததும் கால் விளங்கவில்லை. மூச்சு இழுப்பு. எனக்குப் போன் போட்டு ஹெலிகாப்டருக்குச் சொல்லச் சொன்னான், அதோடு சிக்னல் போய்விட்டது. அப்புறம் எஞ்சினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

"சத்தம் கேக்கணும்லா மைனி. அண்ணனே கையக் காட்டுனாரு, அமத்துலேன்னு. ஒடனே கரைக்கு ஓட்டியிருந்தா..."

அதை முடிக்கவில்லை. பிறகு, "நீங்க எங்கன்னு சொன்னிய?"

"தெக்கேன்னுதான்" என்றேன்.

தலையாட்டிவிட்டுப் போனான். சோற்றைக் காக்காய்க்கு வைத்தேன்.

நான் தெற்கே என்று சொல்லவில்லை. மொட்டைப்பார் என்று சொன்னேன். அது வடக்கே. படகு நின்றது தெற்கே, சங்கு கிடைக்கிற புதுப் பாரில். கடலுக்கடியில் அப்படி ஒரு பாறைமேடு அமைந்தால் வெளியே மூச்சு விடக் கூடாது. விட்டால் மறுநாள் ஊர்ப்படகு பூரா அங்கே நிற்கும். யார் கேட்டாலும் மொட்டைப்பார் என்போம். சாமியார் கேட்டாலும், கூடப்பிறந்தவள் கேட்டாலும். கல்யாணமான புதுசில் அவர் சொல்லித் தந்தது. கேட்கிறவர்களுக்கும் தெரியும், சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

போனில் பேசிய பெண்ணுக்கு அது தெரியாது.

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். இல்லை, அன்றைக்கு யோசித்துத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்றாள், காதை இங்கே வைத்துக்கொண்டு. அவள் போனதும் திரும்பக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை. விட்டுவிட்டேன். மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லாக் கடலும் தெரியும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

நவ. 14, வெள்ளி

ஹெலிகாப்டர் விசாரணைக்கு ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். மிக்கேலும் வந்தான். வெள்ளைச் சேலை இல்லை, பச்சைக்கரை போட்டதைக் கட்டினேன்.

நான் போனில் பேசியதைப் பதிந்து வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. போட்டுக் காட்டினார்கள். அழுகை இல்லை, திணறல் இல்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரிக் குரல். "வடக்க, மொட்டைப்பார்." அந்தப் பெண் திரும்பக் கேட்கிறாள், நிச்சயமா அம்மா என்று. "ஆமா" என்கிறேன்.

ஆபீசர் சின்ன வயசு. நல்ல மாதிரி. பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்: "பாவம், படிக்காதவங்க. பதட்டத்துல திசைய மாத்திச் சொல்லிட்டாங்க. அப்படியே எழுதிக்கோங்க."

காற்று முகத்தில் பட்டால் எந்தத் திசை என்று சொல்லிவிடுவேன். ஒன்றும் தெரியாதவள் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன். கையெழுத்துப் போட்டேன். டீ வாங்கித் தந்தார். குடித்தேன். சூடாக, நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் மிக்கேல் தள்ளியே நின்றான். பிறகு பக்கத்தில் வந்தான்.

"எங்கிட்டத் தெக்கேன்னு சொன்னியளே."

பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"ஆபீசர் சொன்னதாவே இருக்கட்டும் மைனி. தெரிஞ்சே சொன்னதுன்னா ஏன் எதுக்குன்னு நோண்டுவான். ஊர்க் கம்ப்ரசரு பூராத்தையும் அள்ளிட்டுப் போயிருவான்."

பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தான்.

நவ. 16, ஞாயிறு

வெயில். பூசையில் அவருக்காக, பைலட்டுக்காக, அந்தப் பிள்ளைக்காக என்று சேர்த்தே மன்றாட்டு. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், இரக்கமாக. முட்டுப்போட்டபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் நர்சுப் பிள்ளையின் அப்பா வந்தார். சாத்தான்குளம் பக்கம், வாத்தியாராக இருந்தவர். பிள்ளை பெயர் ஜெபா. கையில் வாழைப்பழம். துக்க வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாதாம். அவர் வீட்டிலும் துக்கம், நான் எதுவும் கொண்டு போகவில்லை.

ஆபீசர் எல்லாம் சொன்னாராம்.

"உம்மேல எனக்கு வருத்தம் இல்லம்மா. புருசன் சாகக் கெடக்கையில யாருக்குத் திசை தெரியும்? எம்மக இத்தன படிச்சும் இடது எது வலது எதுன்னு மாத்திச் சொல்லுவா. வீட்ல கேலி பண்ணுவோம்."

சிரிக்கப் பார்த்தார். முகம் கோணிவிட்டது.

அந்தச் சிரிப்பை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. "எனக்குத் திசை தெரியும் அய்யா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி நின்றது, மறுபடி கூப்பிட்டு லைன் கிடைக்காததும் அதோடு விட்டது.

நான் கொடுத்த டீயைக் கீழே வைத்தார். வெளியே ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"அவ ஒம்மகளா இருந்தாலும் மொட்டைப்பாருன்னு சொல்லியிருப்பியா?"

தம்ளரை எடுத்து உள்ளே கொண்டு வைத்தேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பாமலே சொன்னார்: "பைலட்டு வழி தெரியாமப் போயிட்டான்னு டிவிக்காரன் சொல்லுதான். அவன் பொஞ்சாதி நாளைக்கு ஆபீசுக்கு வருது. எங்கிட்டச் சொன்னத அங்க வந்து சொல்லு."

சாயங்காலம் மிக்கேலிடம், ஆபீசுக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்றேன். "அப்ப ஊர்ல இருக்க மாட்டிய" என்றான். மிரட்டலாகச் சொல்லவில்லை. அதுதான் நடக்கும், ஊர் ஒதுக்கிவிடும்.

வாழைப்பழம் அப்படியே இருக்கிறது.

நவ. 17, திங்கள்

காற்று. பஸ்ஸில் கூட்டம், நின்றே போனேன்.

வாத்தியார் முன்னமே வந்திருந்தார். பைலட்டின் மனைவி வடக்கத்திப் பெண், தமிழ் தெரியாது. எனக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயசுதான் இருக்கும். முடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து என் கையைப் பிடித்தாள். புருசனை இழந்தவள் என்று. விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் அப்படியே நின்றேன்.

உட்கார்ந்ததும் ஆபீசரிடம் சொன்னேன், பதட்டத்தில் மாறவில்லை, தெரிந்தே சொன்னது என்று. அவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். யோசித்துப் பேசுங்கம்மா என்றார். யோசித்துத்தான் என்றேன். இவள் புருசனுக்கு வழி தெரியும், நான் அனுப்பின இடத்துக்குச் சரியாகப் போயிருக்கிறார் என்றேன்.

வாத்தியார் ஒவ்வொன்றாக இங்கிலீசில் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் எந்த வார்த்தை எங்கே விழுகிறது என்று எனக்குத் தெரிந்தது. கத்துவாள், அடிப்பாள் என்று இருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. ஏதோ கேட்டாள், ரொம்பச் சன்னமாக.

வாத்தியார் என்னிடம்: "அங்க தேடிக்கிட்டிருந்தப்ப கீழ ஒரு படகாவது இருந்திருக்குமான்னு கேக்குது. விழுந்தத யாராவது பாத்திருப்பாகளான்னு."

அங்கே சங்கும் இல்லை, மீனும் இல்லை. யாரும் போகாத இடம் என்பதால்தான் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்கிறோம்.

"ஒரு படகுகூட இருந்திருக்காது அய்யா" என்றேன்.

வாத்தியார் அதை அவளிடம் சொல்லவில்லை. அவர் மகள் விழுந்ததும் அங்கேதான். என்னையே பார்த்தார். அவள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.