குகன் கையில் என் நூல்

1991 ஜூன் 2, ஞாயிறு

காலையில் மழை. பத்து மணிக்கு மேல் வெயில். பூங்காப் புல் முழுக்க ஈரம், சப்பாத்து நாறிவிட்டது.

தோற்றோம். எனக்கு இரண்டு நல்ல அடி. குகனுக்கு வழக்கம்போல ஒன்றுமில்லை. பந்து வரும்போது கண்ணை மூடுகிறான். மூன்று தரம் மட்டையை வீசினான், மூன்றும் காற்று. எதிர் அணிக்காரர் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். எனக்குத்தான் வெட்கம்.

நாங்கள் பேஸ்போலுக்கு வந்ததே கிரிக்கெட்காரரின் புண்ணியம். இங்கே தமிழ்க் கிரிக்கெட் என்றால் பழைய மாணவர் சங்கம். பெரிய கல்லூரி ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் லண்டனில் நானும் குகனும் மட்டும், எந்த அணியிலும் இடமில்லை. பூங்காவில் பேஸ்போல் ஆடும் கனடாக்காரர் அணியின் கப்டன் டக், எந்தப் பள்ளி என்று கேட்கவில்லை. ஓடத் தெரியுமா என்றுதான் கேட்டான்.

நான்காவதாக மட்டை பிடிப்பவன்தான் அணியின் பெரிய அடிகாரன். அது நான். வேலை செய்யும் பெற்றோல் செட்டில் என்னை எல்லோரும் "ஏய்" என்கிறார்கள். டக் மட்டும் "நம்பர் ஃபோர்".

ஜூன் 7, வெள்ளி

செய்ய வேண்டியவை: சலவை. அம்மாவுக்கு எயார்மெயில். செத்தல் மிளகாய். கோயில்.

எனக்கு ஏழரைச் சனி என்று அம்மாவுக்குப் பயம். அருச்சனை செய்யட்டாம். எனக்கு மாலை ஷிப்ட், ஆகவே அறைத்தோழன் குகனை அனுப்பினேன்.

"என்ரை பேர், சதய நட்சத்திரம். மறந்துபோடாதை."

"மறக்கமாட்டன். நீ போ."

ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் எனக்கு விபூதிப் பொட்டலம், அவன் வலக்கையில் மஞ்சள் நூல்.

"ஐயர் கையை நீட்டெண்டார். நீட்டினன்."

"அது எனக்குக் கட்டவேண்டிய நூலடா, விசரா!"

"உன்ரை பேரைச் சொல்லித்தான் கட்டினவர், மச்சான்."

விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஜூன் 9, ஞாயிறு

நல்ல வெயில். எழுதக் கை ஓடவில்லை.

குகன் மட்டை பிடித்த ஒவ்வொரு தரமும் பந்து வேலிக்கு அப்பால். ஒன்று குளத்தில், வாத்தெல்லாம் கிளம்பிவிட்டன. கண்ணை மூடவே இல்லை. டக் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

ரயிலில் கேட்டேன்.

"பந்து வந்து நிக்குது மச்சான். கொப்பிலை மாங்காய் தொங்குற மாதிரி. சிவப்புத் தையல் கூடத் தெரியுது. நான் ஆறுதலா அடிக்கிறன்."

நம்பவில்லை. அறைக்கு வந்ததும் கட்டிலில் ஏறி நின்று வறுத்த கச்சான் கடலையை அள்ளி அள்ளி எறிந்தேன். ஒவ்வொன்றாகப் பிடித்து வாயில் போட்டான். ஒன்றுகூட நிலத்தில் விழவில்லை. மென்றுகொண்டே, "ஏன்ரா முழிக்கிறாய்?" என்றான்.

ஜூன் 16, ஞாயிறு

தூறல். வென்றோம். குகனைத் தோளில் தூக்கி வைத்து ஆடினார்கள். எனக்கு ஓர் அடியும் இல்லை. நான்காம் இடம் இனி அவனுக்காம். எனக்கு எட்டு.

வீட்டுக்கார அன்ரி படியில் மறித்தார். "குகன் தம்பி ஏதோ விளையாட்டிலை பெரிய கெட்டிக்காரனாமே! நீரும் போறனீரோ?"

நீரும்! அவனைக் கையில் பிடித்துக் கூட்டிப்போனவனே நான் அன்ரி.

ஜூன் 19, புதன்

தலையிடி. பனடோல் முடிந்துவிட்டது. ஞாயிறிலிருந்து அவனோடு பேச்சில்லை. பருப்பில் உப்புக் கூடிவிட்டது, அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். அதுதான் கோபத்தைக் கிளப்பியது.

"என்ரை பேர், என்ரை நட்சத்திரம், உன்ரை கை. நியாயமாடா?"

கையைப் பார்த்தான். பிறகு எழும்பிப் போய், பாண் வெட்டும் கத்தியால் நூலை அறுத்து, என் மணிக்கட்டில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினான்.

"இந்தா. உன்ரைதானே."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்ன பிறவி நான்!

ஜூன் 23, ஞாயிறு

வெயில், காற்று. எனக்குப் பந்து நிற்கவில்லை, வழக்கம்போல விர்ரென்று வந்தது. ஆனாலும் ஒன்று நன்றாகப் பட்டது. குகனுக்கு மூன்றும் காற்று. நான்காம் இடம் திரும்பவும் எனக்கு. குகன் இனி ஆட வேண்டாம், வாங்கில் உட்காரட்டும் என்றான் டக்.

ரயிலில் பாட்டு வாய்க்குள் வந்துகொண்டே இருந்தது. குகன் யன்னல் பக்கம். ஈஸ்ட் ஹாமில் இறங்கி அவனுக்கு மட்டன் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டான். "நீ அடிச்சது நல்ல அடி" என்றான்.

ஜூன் 25, செவ்வாய்

ஒரு வேலையும் ஓடவில்லை. ஒருவன் டீசல் கேட்க நான் சிகரெட்டை நீட்டினேன்.

குகனின் ஞாயிற்றுக்கிழமை வீச்சுகள்தான் கண்ணுக்குள். முன்பெல்லாம் ஒன்று தலைக்கு மேல் போகும், ஒன்று முழங்காலுக்குக் கீழே. இந்தத் தரம் மூன்றும் பந்துக்கு மேலே ஒரு விரல். அதே ஒரு விரல். கண்ணும் திறந்தபடி. பந்து தெரியாதவனால் அப்படித் தவறவிட முடியாது.

ஜூன் 26, புதன்

கேட்டுவிட்டேன்.

"வேணுமெண்டுதானே விட்டனீ?"

"விசர்க்கதை கதையாதை."

"குகன்!"

"ஓம். நூலிலை ஒண்டுமில்லையடா. அறுத்த பிறகும் பந்து நிண்டதுதான்."

"அப்ப ஏன்ரா அடிக்கேல்லை?"

"நீ என்னோடை கதைக்கேல்லை. எனக்கு இந்த நாட்டிலை வேறை ஆர் இருக்கினம்?"

அவன் போட்ட பிச்சையில் நான் நம்பர் ஃபோர். ரயிலில் பாட்டு வேறு! வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பிறகு குளிக்கப் போய் அழுதேன்.

ஜூன் 28, வெள்ளி

வானம் மப்பு. கோயிலுக்குப் போகவில்லை.

ஞாயிறு கிண்ணத்துக்கான ஆட்டம். தெருமுனைப் பெட்டியிலிருந்து டக்குக்கு ஃபோன். குகனை நான்காவதாகப் போடு, அவனுக்குப் பழைய அடி திரும்பிவிட்டது என்றேன். ஒன்பது பேர் நிரம்பிவிட்டது, ஒருவரை நிறுத்த வேண்டுமே, யாரை என்று கேட்டான்.

"என்னை."

அவன் வைத்த பிறகும் ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். வெளியே ஒரு மனுஷி கண்ணாடியில் தட்டினாள்.

ஜூன் 30, ஞாயிறு

கொளுத்தும் வெயில். நான் வாங்கில். குகனுக்கு மைதானத்தில் வைத்துத்தான் தெரியும். மட்டையை எடுத்துக்கொண்டு போனான்.

முதல் பந்து, மேலே ஒரு விரல். இரண்டாவதும் அப்படியே. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்காகத்தான், எருமை! இன்னும் ஒன்று விட்டால் வெளியே.

எழும்பி வாங்கில் ஏறி நின்றேன்.

"டேய், அடியடா! இந்தப் பந்தை விட்டியெண்டால் இண்டைக்கே அறையை விட்டுப் போறன்!"

கனடாக்காரர் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

அடித்தான். பந்து போன இடத்தை நான் பார்க்கவில்லை. அவனும் பார்க்கவில்லை. ஓட வேண்டியவன் மட்டையைக் கீழே போடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். வயிறு எரிந்தது, பொய் எதற்கு. எரிய எரிய, தொண்டை கிழிய, "ஓடுடா, ஓடு!" என்று கத்தினேன்.