ஆணி வாங்கிய கதிர்வீச்சு

மார்ச் 3

அக்கா,

உன் ஆய்வு பொய் சொல்கிறது. நாற்பது வருடம் அணு உலையில் உழைத்தவர்களுக்குக் கதிர்வீச்சால் ஒன்றும் ஆகவில்லை என்று அச்சிட்டு அனுப்பியிருக்கிறாய். அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படித்துவிட்டுச் சிரித்தார்.

கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்தும் அட்டையை, கடும் வேலை நாளில் உடைமாற்றும் அறை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்களாம். அளவு ஏறினால் வேலையிலிருந்து ஒதுக்கிவிடுவார்களே! "அட்டை பத்திரமா இருந்துச்சுடா, நாங்கதான் உள்ள போனோம்" என்கிறார்.

நீ எண்ணியது ஆணி வாங்கிய கதிர்வீச்சை.

உன் வாலு

மார்ச் 19

அன்பு வாலு,

திட்டுவதற்கு முன் "நல்லா இருக்கியா"ன்னு ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாய்? அப்பாவுக்கு ரத்தம் ஏற்றினார்களே, காய்ச்சல் விட்டதா?

எழுபதாயிரம் பேரின் பதிவில் அப்பாவுடையதும் இருந்தது. பெரும்பாலும் பூஜ்யம். நம் வீட்டுக்கு ஆபத்தில்லை என்று சந்தோஷப்பட்டேன். உலைக்குள் வெல்டிங் செய்தவருக்கு எப்படிப் பூஜ்யம் என்று கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

வாய்வார்த்தையை மேலதிகாரி ஏற்க மாட்டார். எழுதித் தருவார்களா? நீ வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 8

அன்பு அக்கா,

நல்லா இருக்கியா? கேட்டுவிட்டேன், போதுமா?

அப்பாவையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். செத்துப்போன மூவருக்கு அவர்கள் மனைவிமார் எழுதினார்கள். இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பாவோடு உலையில் இருந்த ஃபிட்டர் மாமா, "தப்பு எங்களோடதுன்னு சொல்லு, அவளை யாரும் திட்டக் கூடாது" என்றார். நான் திட்டியதை அவரிடம் சொல்லவில்லை.

வாலு

செப்டம்பர் 2

அக்கா,

ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் ஆய்வின் திருத்திய பதிப்பு மட்டும் வந்தது. இரண்டு முறை படித்தேன். அந்தப் பன்னிரண்டு பேர் எழுதிக் கொடுத்தது எதுவும் அதில் இல்லை. உன் பெயர் முதலில் இருக்கிறது.

அப்பாவுக்கு இப்போது கண் மங்கி எழுத்து தெரிவதில்லை. புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊசி போட வரும் நர்ஸிடமெல்லாம், "என் பொண்ணு போட்டது" என்கிறார். "நாங்க எழுதிக் குடுத்ததைப் படிச்சுக் காட்டுடா" என்று தினமும் என்னைக் கேட்கிறார். எனக்குக் கண் வலிக்கிறது, நாளைக்குப் படிக்கிறேன் என்று ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இனி என்னால் முடியாது. ஏன் சேர்க்கவில்லை என்று அவருக்கு நீயே எழுது. அதையாவது படித்துக் காட்டுகிறேன்.

உன் தம்பி