அரக்கு முத்திரை என்ன நிறம்?

மந்தைவெளி
28-11-97

சிரஞ்சீவி மஹதிக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம், நீயும் அந்த வெளிதேசக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். முதலில் ஒரு விஷயம், பதறாமல் படி. அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் ஆகிறது, நன்றாகத் தேறிவிட்டார், வலது கண்ணுக்குத் தை மாசம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முன்னாலேயே சொன்னால் பரீட்சைக்குப் படிக்காமல் போனில் அழுவாய் என்றுதான் சொல்லவில்லை. இது தெரியவந்ததற்கே காரணம் நீ கம்ப்யூட்டரோடு விட்டுவிட்டுப் போனாயே, அந்த ராஜகுமாரன் விளையாட்டுதான்.

நீ கிளம்பின மாசமே அப்பா அதை ஆரம்பித்துவிட்டார். ரிடையரான மனுஷர், பொழுது போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ராஜகுமாரன் கிரீடத்தை எடுத்துக்கொண்டு மலைக்கோட்டைக்குப் போகிறான், கூட ஒரு வாள்காரி, ஒரு மந்திரவாதி, பூட்டுத் திறக்கிற குள்ளன், எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சிப் போட்டுக்கொண்டு வேடிக்கையாகப் பேசுகிற ஒரு கிழவர். இதில் ஒருத்தர் எதிரிக்கு உளவு சொல்லும் துரோகி. கோட்டை வாசலில் நாலு பேர் பெயரும் வரும், ஒரே ஒரு தடவைதான் கைகாட்டலாம், தப்பாகக் காட்டினால் கோட்டை போச்சு. உனக்குத் தெரிந்த கதைதான், நீ முடிக்காமலே போய்விட்டதாக அப்பா சொன்னதால் எழுதுகிறேன். மாடி வீட்டு வலியுல்லா பாயும் டிபன் முடிந்ததும் வந்துவிடுவார், இரண்டு பேருமாக நோட்டுப் போட்டு யார் என்ன பேசினார்கள் என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். நான் கறிகாய் நறுக்கிக்கொண்டே கேட்பேன். அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே குள்ளன் மேல்தான் சந்தேகம். கிழவர் மேல் கொள்ளைப் பிரியம், அவர் பேசும்போதெல்லாம் நம் சேஷு சித்தப்பா மாதிரியே இருக்கிறது என்பார்.

ஆற்றங்கரையில் துரோகி தவறவிட்ட கடிதம் ஒன்று கிடைத்தது. அதன் மேல் அரக்கு முத்திரை, அரக்கு என்ன நிறமோ அந்த நிறக் கல் மோதிரம் போட்டவர்தான் துரோகி. பாய் உடனே நீலம் என்றார். நீல மோதிரம் கிழவர் விரலில் இருக்கிறது. அப்பா இல்லை, பாக்கு நிறம் என்றார், அது குள்ளனுடைய மோதிரம். ஆரம்பித்தது சண்டை. உமக்குக் கண்ணு போயிடுத்து ஓய், வயசாச்சோல்லியோ என்கிறார் அப்பா. பாய் விடுவாரா, சார், முப்பது வருஷம் பாண்டிபஜார்ல பிளவுஸ் மேட்சிங் பாத்துக்கினு இருந்தவன் நானு, எனக்கே கலர் சொல்லித் தர்றீங்களே, சோக்கா மயில்நீலமா கீது சார் என்று எழுந்தே நின்றுவிட்டார். கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், நீலம்தான். நன்னாப் பாத்துச் சொல்லு என்றார் அப்பா. நன்னாப் பாத்துட்டேன், நம்மாத்து வாசல் கேட் மாதிரி நீலம் என்றேன். அதற்கு அவர், கேட்டே பழுப்புதானே என்றார்.

மஹதி, அது பொங்கலுக்கு அவரே பக்கத்தில் நின்று அடிக்க வைத்த பெயின்ட். காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றுவது, பேப்பரில் மையே சரியில்லை என்று திட்டுவது எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தக் கண்ணோடு மழையில் அடையாறு வரைக்கும் ஸ்கூட்டரில் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார். பாய்தான் மெல்ல எழுந்து, சாவி எங்க சார் என்று கேட்டு, ஆணியில் மாட்டியிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் ஆட்டோவோடு வந்து நின்றார். ஆஸ்பத்திரி போகும் வழி முழுக்க அப்பா அவரைத் துரோகி, துரோகி என்று வைதார். பாய் குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா சிரித்துக்கொண்டே வந்தார்.

கட்டுப் பிரித்த அன்று அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்து, இந்தப் புடவை எப்போ வாங்கினே, நல்ல நீலமா இருக்கே என்றார். நாலு வருஷத்துக்கு முந்தைய தீபாவளிப் புடவை. நான் போன வாரம்தான் என்று சொல்லிவிட்டேன்.

கம்ப்யூட்டர் பார்க்க டாக்டர் அனுமதி கொடுத்ததும் நேரே போய் உட்கார்ந்தார். முத்திரையைப் பார்த்தார், கிழவர் விரலைப் பார்த்தார். சரி, இப்போது கைகாட்டிவிடுவார் என்று பாயும் நானும் நிற்கிறோம், இவர் மாட்டேன் என்கிறார். இத்தனை நாள் கஞ்சி போட்டவரை எப்படிங்காணும் காட்டிக்கொடுக்கறது என்கிறார். ஒரு வாரமாக நாலு பெயரும் வாசலில் அப்படியே நிற்கின்றன. பாய் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. எனக்கோ தெரிந்துகொள்ளாமல் இருப்புக்கொள்ளவில்லை. நேற்று அப்பா குளிக்கப் போன சமயம், நீ சொல்லிக்கொடுத்தபடி மௌஸை நகர்த்திக் கிழவர் பெயரில் வைத்து அமுக்கிவிட்டேன். அவர்தான். கோட்டை பிழைத்தது, முரசு அடித்தார்கள். ஆனால் சங்கிலி போட்டு இழுத்துப் போகும்போது அந்தக் கிழவர் திரும்பி, என் பெண் எதிரி தேசத்தில் அகப்பட்டிருக்கிறாள், அவள் முகத்தைப் பார்த்து நாலு வருஷம் ஆகிறது, வேறு வழி தெரியவில்லை என்றார். நான் சட்டென்று திரையை அணைத்துவிட்டேன். அப்பா வந்து என்ன ஆச்சு என்றார். கரன்ட் போயிடுத்து என்றேன். தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் ஃபேனை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார், திருமண் பெட்டியை எடுத்துக்கொண்டு நாமம் போட்டுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார்.

வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. பெருமாள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். முக்கியமாக ஒன்று: நான் அமுக்கியதை இல்லையென்று ஆக்கி, அந்தக் கிழவரைப் பழையபடி எங்களோடு கொண்டுவந்து நிறுத்த வழி உண்டா? இருந்தால் உடனே எழுது. அப்பா கண்ணில் படாமல் வலியுல்லா பாய் பெயருக்கே எழுது.

உன் வரவையே எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா வேதவல்லி