இரண்டு கரண்டி மண் தண்ணீர்

என் தங்கமான அம்மாவுக்கு,

அத்தை இப்போது உன் கட்டிலில் படுத்திருக்கிறார். உனக்கு வாங்கிய அதே காற்று மெத்தை. ஒட்டுப்போட்ட இடத்தில் இன்னும் காற்று கசிகிறது. அப்பாவின் தங்கை, பிள்ளை இல்லாதவர், நம் வீட்டிலேயே காலம் தள்ளியவர். என்னை விட்டால் அவருக்கு யார்? ஈரலில் புற்று. ஆஸ்பத்திரி கைவிட்டவர்களை வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் கலாதான், உனக்கு வந்ததுபோல, அவருக்கும் வருகிறார்.

உனக்குப் பேச்சு இருந்தபோது கலாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? "வலிகூடப் பரவால்லீங்க. மூச்சு முட்டிச் சாகாமப் பாத்துக்கங்க, அது போதும்." கலா உன் கையைத் தட்டிக்கொடுத்து, "நான் பாத்துக்கறேனுங்கம்மா" என்றார். நானும் நம்பினேன்.

நீ கண் திறக்காமல் கிடந்தபோது எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். "முழுங்கற சக்தி போயிருச்சுங்க. இனி வாயில எது ஊத்துனாலும் நெஞ்சுக்குள்ள போய் மூச்சை அடைச்சிரும். பஞ்சை நனைச்சு ஒதட்டுல ஒத்துனாப் போதும்." எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தைதான் பலமாக ஆட்டினார்.

கலாவின் ஸ்கூட்டி தெருமுனை திரும்பியதும் பேச்சு ஆரம்பித்தது. உயிர் ஏன் இன்னும் பிரியவில்லை என்று ஆளாளுக்கு யோசித்தார்கள். பேரன்மேல் ஆசை என்றார் ஒருவர். அத்தை முடித்துவைத்தார்: "எங்க நங்கைக்கு வேறென்னங்க ஆசை? மண்ணாசைதான். காட்டு மண்ணைக் கரைச்சு ஊத்துனா உசுரு நிம்மதியாப் போயிரும்." உன்னை அவர் நங்கை என்றுதான் கூப்பிடுவார், அண்ணன் மனைவி என்ற மரியாதையில்.

எந்தக் காடு அம்மா? தம்பிக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வாங்க நீ விற்றுக் கொடுத்த வெள்ளாமைக் காடு. அங்கே இப்போது கோழிப்பண்ணை நிற்கிறது. தம்பியே பைக்கில் போய் ஒரு பாலிதீன் பையில் மண் அள்ளி வந்தான். தண்ணீரில் கரைத்தபோது கோழி எச்ச வாடை வீடு முழுக்க அடித்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. சடங்கு அல்லவா?

நான் உன் வாயைக் கையால் மூடிக்கொண்டேன். தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான். "படிச்சுப்போட்டா எல்லாந் தெரியுமாக்கா? அம்மா உசுரு ஊசலாடறது உனக்குக் கண்ணுல தெரியல?" என் தோள்களைப் பிடிக்க இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அத்தை ஊற்றினார். முதல் கரண்டியிலேயே உனக்குப் புரையேறியது. அத்தனை நாள் மூடியிருந்த கண்கள் திறந்தன. அவர் இரண்டாவது கரண்டியையும் ஊற்றினார்.

பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது என்கிறார்கள். கொஞ்ச நேரமா அது?

கலா வந்து உன் தாடையில் காய்ந்திருந்த மண்ணைத் துடைத்தார்.

எழவுக்கு வந்தவர்களிடம் அத்தை சொன்னார்: "ரெண்டே கரண்டிங்க. பொட்டுன்னு போயிட்டாங்க, பூவாட்டம்." அதன்பின் நம் எருமப்பட்டியில் எந்த வீட்டில் யார் இழுத்துக்கொண்டு கிடந்தாலும் அத்தையைத்தான் அழைத்தார்கள். மண்ணாசையா பொன்னாசையா என்று முகம் பார்த்தே சொல்வார். ஒரு வீட்டில் சேலை எடுத்துக் கொடுத்தார்கள். அந்தச் சேலையைக் கிழித்துத்தான் இப்போது அவர் தலையணைக்கு உறை தைத்திருக்கிறேன்.

அத்தைக்கும் விழுங்க முடியாமல் ஆகிவருகிறது. நேற்றுப் பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கேட்டார்: "இன்னும் கெடக்குதேங்க. எதுமேல ஆசையோ? மண்ணு கிண்ணு கொண்டாரட்டுங்களா?" உள்ளே அத்தைக்குக் கேட்டுவிட்டது. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, எனக்கு ஊத்த வுட்றாத சாமி. நங்கை முழிச்ச முழி எனக்குத் தெரியும்."

பார்த்திருக்கிறார், அம்மா. முதல் கரண்டியிலேயே பார்த்திருக்கிறார்.

முந்தானையை விடுவித்துக்கொண்டு பஞ்சு நனைக்கப் போனேன். இன்று காலையும் அதையே கேட்டார். உதட்டை ஒற்றிவிட்டு நகர்ந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறார்.

அவர் வாயில் ஒரு சொட்டு விழாது. யார் இழுத்தாலும் இந்த முறை என் கை நகராது. இந்த வாக்கை உனக்குத்தான் தருகிறேன். அத்தையிடம் சொல்லப்போவதில்லை.

பஞ்சும் கையுமாக,
உன் மூத்த மகள்